நடுவில் ஒரு மார்க்

"முன் ரூம்ல பல்லு, பின் ரூம்ல வயலின். அந்த வீடுதான்" என்று தெருமுனை டீக்கடையில் வழி சொல்வார்கள்.

முன் அறை வீட்டுக்காரருடையது. பல் மருத்துவர்கள் கொடுத்தனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் மெழுகில் ஈறு எழுப்பி, ஒவ்வொரு பல்லாக நட்டு, கடைசியில் சுழலும் துணிச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுவார். சின்ன டப்பாவில் போட்டுப் பெயர் ஒட்டி வைத்தால் சாயங்காலம் ஆள் வந்து எடுத்துப் போவான். தெருவுக்கு அவர் பல்லுக்காரர். முழங்கை வரைக்கும் வெள்ளைத் தூசி. சாப்பிட உட்காரும்போது கை கழுவுவார். புருவத்தில் இருக்கும் தூசி அப்படியே இருக்கும்.

பின் அறை அவர் மனைவியுடையது. ஒரு சுவர் முழுக்கப் புத்தகம், திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுகள், ஒரு கம்ப்யூட்டர். எதிர்ச்சுவரோரம் ஒரு பாய், சுருதிப் பெட்டி, வயலின். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு வெறுந்தரை. பகலில் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியை. சாயங்காலமும் விடுமுறையிலும் மேடைகளில் பக்கவாத்தியம். இரண்டுமே அவருக்குத் தொழில்தான். ஒன்று வேலை, இன்னொன்று பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஆனால் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். துறையில் அவருக்குப் 'பிடில் மேடம்' என்று பெயர். சங்கீதக்காரர்களுக்கு 'கணக்கு டீச்சர்'. "புள்ளியியல் வேற, கணக்கு வேற" என்று முதல் இரண்டு மூன்று வருஷம் திருத்திப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. விட்டுவிட்டார்.

அவருடைய கட்டுரை ஒன்று நல்ல பத்திரிகையில் வந்தபோது துறைத்தலைவர், "கச்சேரி, அது இதுன்னு அலையிற ஆளுக்கு இது பெரிய விஷயம்தான்" என்று பாராட்டினார். ஒரு மேடையில் நன்றாக வாசித்து இறங்கினபோது மூத்த வித்வான் ஒருவர், "ஒரு புரொபசர் இவ்வளவு வாசிக்கிறதே அதிகம்" என்றார். இரண்டு பேருமே அன்பாகத்தான் சொன்னார்கள். டீச்சர் இரண்டு பேருக்குமே சிரித்து நன்றி சொன்னார்.

வீட்டிலும் இதைப் பேச ஆளில்லை. மகள் கல்யாணமாகித் தூர தேசத்தில். பல்லுக்காரர் தங்கமான மனுஷன். மனைவி வாசிக்க உட்கார்ந்தால் தன் சக்கரத்தை நிறுத்திவிடுவார், கை வேலையை மட்டும் செய்துகொண்டிருப்பார். ஆனால் அவருக்குச் சங்கீதமும் ஒன்றுதான், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தமும் ஒன்றுதான். அதை ஒளிக்கவும் மாட்டார்.

"நல்லா இருந்துச்சாங்க?"

"நீ எழுந்து வந்த வேகத்தைப் பார்த்தா நல்லா இருந்த மாதிரிதான் தெரியுது."

இப்படிக் காலம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சங்கீத மன்றத்துச் செயலாளர் ஒரு நாள் துறைக்கே வந்தார்.

நகரத்தின் பெரிய கச்சேரி அரங்கம் மன்றத்துடையது. வருஷத்துக்கு ஒரு தடவை இருபது வயது வரையுள்ள நாற்பது பேரைப் பாடவும் வாசிக்கவும் வைத்து, இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து மூன்று வருஷத்துக்கு உதவித்தொகையும் மேடையும் கொடுப்பார்கள். அதில் தேறியவர்கள் பிறகு தொழில்காரர்களாக நின்றுவிடுவார்கள். தேறாதவர்கள் வேறு வேலை பார்க்கப் போவார்கள். மூன்று நடுவர்கள், ஆளுக்கு நூறு மார்க்.

"இந்த வருஷம் ஒரு லாரி டிரைவர் புகார் எழுதிக் கொடுத்திருக்கார்" என்றார் செயலாளர், தோளில் விழுந்த மழைத்துளிகளைத் துடைத்துக்கொண்டே. "அவர் பொண்ணு புல்லாங்குழல். ரெண்டு மார்க்ல போயிடுச்சாம். மார்க் போட்டதுல கோளாறு இருக்குன்றார். அடுத்த கமிட்டி வெள்ளிக்கிழமை. நீங்கதான் இந்த மார்க் விவகாரத்துல பெரிய ஆள். ஆறு வருஷத்து மார்க் தாளும் இதுல இருக்கு. பார்த்துட்டு, எல்லாம் முறையா இருக்குன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துட்டீங்கன்னா முடிஞ்சது."

"முறையா இருந்தா எழுதித் தரேன்."

"இல்லாம எங்க போகும் டீச்சர்? மூணு நடுவர்ல ஒருத்தர் நம்ம அக்கா."

சங்கீதக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர் அக்கா. வயது அறுபத்தைந்து. அவர் பாட உட்கார்ந்தால் அரங்கத்தில் விசிறி வேண்டாம், தலையாட்டுகிற காற்றே போதும் என்று ரசிகர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். பத்தொன்பது வருஷமாக அவருக்குப் பக்கத்தில் வயலின் வாசிப்பது கணக்கு டீச்சர்தான். வேறு வயலின் வைக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். அக்கா கேட்டதில்லை. டீச்சர் சங்கீதக்காரர் என்பதற்கு வேறு யாருடைய சாட்சியும் இல்லாமலிருந்தபோது அக்கா ஒருவர்தான் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் மார்க் தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே நசநசவென்று தூறல். முன் அறையில் பல்லுக்காரர் ஒரு கிழவருக்கு மேல்வரிசை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேர வேலை என்றுதான் டீச்சர் நினைத்தார். நடுவர்கள் மூன்று பேரும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். நன்றாகப் பாடிய பிள்ளைக்கு மூவரும் கூடுதலாகப் போட்டிருப்பார்கள், சொதப்பிய பிள்ளைக்கு மூவரும் குறைத்திருப்பார்கள். ஒருவர் தாராளம், ஒருவர் கறார் என்றாலும் அந்த ஏற்ற இறக்கம் ஒத்துப்போகும். முதல் நான்கு வருஷம் அப்படியே ஒத்துப்போனது. அதிலும் அக்கா மார்க் போடுகிற அழகே தனி. முப்பத்தொன்று போடுவார், தொண்ணூற்றிரண்டு போடுவார். பயப்பட மாட்டார்.

கடைசி இரண்டு வருஷத்துக்கு வந்தபோது டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கனத்த குரல் பையன்களுக்கு அக்காவின் மார்க் மற்ற இருவரோடும் ஏறி இறங்கியது. மெல்லிய குரலில் பாடிய பெண்கள், புல்லாங்குழல்காரர்கள் என்று முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அதில் இருபத்தெட்டுப் பேருக்கு அக்கா போட்டது அறுபத்திரண்டுக்கும் அறுபத்தாறுக்கும் இடையில். மற்ற நடுவர்கள் நாற்பது போட்டவளுக்கும் அறுபத்துமூன்று. தொண்ணூறு போட்டவளுக்கும் அறுபத்துநான்கு. லாரி டிரைவர் மகளுக்கு மற்ற இருவரும் தொண்ணூற்றொன்றும் எண்பத்தெட்டும் போட்டிருந்தார்கள். அக்கா அறுபத்துநான்கு. மொத்தம் இருநூற்று நாற்பத்து மூன்று. இரண்டாவதாக வந்த பையன் இருநூற்று நாற்பத்தைந்து.

ஓரவஞ்சனை இப்படி இருக்காது. வேண்டாதவளுக்குக் குறைப்பார்கள், வேண்டியவளுக்குக் கூட்டுவார்கள். எல்லாருக்கும் ஒரே மார்க் எதற்குப் போடுவார்கள்? டீச்சர் விடைத்தாள் திருத்துகிறவர். பேனா மை வெளிறி, எழுத்தே தெரியாத விடைத்தாள் ஒன்று வந்தால் தானே என்ன செய்வார் என்று யோசித்தார். பெயிலாக்க மனம் வராது. அள்ளிக் கொடுக்கவும் முடியாது. நடுவில் ஒரு மார்க் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்.

அக்காவுக்கு அந்தப் பிள்ளைகள் கேட்கவில்லை.

டீச்சர் எழுந்து வெறுந்தரையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனார். அக்காவோடு வாசித்த போன வருஷத்துக் கச்சேரிப் பதிவைத் தேடி எடுத்துக் காதில் மாட்டிக் கேட்டார். மேல் ஸ்தாயியில் அக்காவின் குரல் ஒரு மயிரிழை மேலே போய் நின்றது. வயலினும் கூடவே போய் அங்கே நின்றது. திரும்ப வைத்துக் கேட்டார். குரல் விலகுகிற ஒவ்வொரு இடத்திலும் வயலின் அரை மூச்சுக்குள் பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டது. இரண்டும் சேர்ந்து விலகினால் சபைக்கு விலகினது தெரியாது. சுருதிப் பெட்டி மட்டும் தனியாகக் கீழே கிடந்தது.

அப்படி வாசித்தது டீச்சரின் விரல்கள்தான். தெரியாமல் வாசிக்கவில்லை. அக்காவை மேடையில் தனியாக விடக்கூடாது என்று விரல் போயிற்று, அவ்வளவுதான். ஆனால் இரண்டு வருஷமாக இதைத் தனக்குத்தானே ஒரு தடவைகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"என்னம்மா, வேலை முடிஞ்சுதா?" பல்லுக்காரர் வாசலில் நின்றார். கையில் பாதிப் பல்வரிசை. "முகமே சரியில்லையே."

டீச்சர் சொன்னார். மார்க் விஷயத்தையும் சொன்னார், வயலின் விஷயத்தையும் சொன்னார். பல்லுக்காரர் நின்றபடியே கேட்டார்.

"அந்த அம்மா வேணும்னு செய்யல, இல்ல?"

"இல்லங்க."

"நீயும் வேணும்னு செய்யல."

"நான் செஞ்சேன்."

அவர் கையிலிருந்த பல்வரிசையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு உன் சங்கதி பிடிபடாதும்மா. ஒரு மயிரிழை மேலே, கீழேன்றே. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும். என்கிட்ட வந்து இங்க குத்துதுன்னு ஒருத்தர் சொன்னா, எனக்குக் குத்தலையேன்னு நான் சொல்ல முடியுமா? நம்பித்தான் ஆகணும். உனக்குக் குத்துதுன்னா குத்துதுதான். டீ போடட்டுமா?"

"போடுங்க."

டீ குடித்துக்கொண்டே டீச்சர் யோசித்தார். எண்ணும் தெரிந்து, சுருதியும் தெரிந்து, இந்த மார்க் தாளையும் அந்தப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் "ஐயோ" என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை. துறையில் சொன்னால் முதல் பாதி புரியும். சங்கீதக்காரர்களிடம் சொன்னால் இரண்டாவது பாதி. முழுசும் புரியக்கூடியவர் அக்கா ஒருவர்தான்.

மறுநாள் வகுப்பு முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா தனியாக இருப்பவர். மூன்று தடவை மணி அடித்தும் திறக்கவில்லை. உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் போய்க் கையசைத்த பிறகுதான் கதவு திறந்தது.

"வா வா. நனைஞ்சுட்டியா? துண்டு அங்க இருக்கு பாரு."

அக்கா துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அவருடைய பெரிய கச்சேரி, மேடையேறி நாற்பதாவது வருஷம். மேடைத் துணியை இன்றுவரை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. டிவியை அணைத்துவிட்டு டீ போட அடுப்படிக்குப் போனார். முதுகைக் காட்டி நின்ற அக்காவைப் பார்த்து டீச்சர் சாதாரணக் குரலில் சொன்னார்.

"அக்கா, எனக்குச் சர்க்கரை வேண்டாம்."

பதில் வரவில்லை. டீ சர்க்கரையோடு வந்தது. சோதித்துப் பார்த்ததற்கு டீச்சருக்கு அவமானமாக இருந்தது. அந்த டீயை முழுக்கக் குடித்தார்.

பிறகு பையிலிருந்து தாளை எடுத்து, இஸ்திரி மேஜைமேல் விரித்து, அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று, அறுபத்துநான்கு என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார். காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"என் காதுக்கே கணக்குப் போட்டுட்டியா?"

"தேடிப் போகலக்கா. அதுவா வந்துச்சு."

"அடுத்தவங்க கண்ணுல படுறதுக்கு முன்னாடி உன் கண்ணுல பட்டுச்சேன்னு சந்தோஷப்படணுமா நான்?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தனை நாளாக்கா?"

"நிமிர்ந்து பேசு. நீ குனிஞ்சா வாய் அசையறது எனக்குத் தெரியாது."

டீச்சர் நிமிர்ந்து திரும்பக் கேட்டார்.

"ரெண்டு வருஷம் முடியப் போகுது. முதல்ல உங்க வீட்டுக்காரர் மெஷின் மாதிரி ஒரு இரைச்சல். அப்புறம் மேல இருக்கிறதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடுச்சு. என் குரலே எனக்குத் தலைக்குள்ளதான் கேக்குது. அதுவும் சரியாக் கேக்குதான்னு தெரியாது. மேடையில உன்னைக் கொஞ்சம் முன்னால தள்ளி உக்காரச் சொன்னேனே, ஞாபகமிருக்கா? உன் விரலைப் பார்த்துத்தான் பாடிக்கிட்டிருக்கேன்."

அக்கா விலகினால் விரல் போய்ச் சேர்ந்துகொண்டது. விரல் போன இடமே சரியான இடம் என்று அக்கா அதைப் பார்த்துப் பாடினார். மாறி மாறி ஒருவரை ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா நீ சரியா வாசிக்க ஆரம்பிச்சிருப்ப."

தூறல் வலுத்து ஜன்னலில் அடித்தது. அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்தினார். சத்தம் கேட்டு எழுந்தாரா, சாரல் மேலே பட்டு எழுந்தாரா என்று டீச்சரின் மனம் தானாகவே குறித்துக்கொண்டது. அந்தப் பழக்கத்தின்மேல் அவருக்கு வெறுப்பு வந்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றார் அக்கா. "அடுத்த மாசம் மேடை. நாற்பது வருஷம். அது ஒண்ணு முடிஞ்சுடட்டும். அப்புறம் என்ன வேணா எழுது."

"வெள்ளிக்கிழமை கமிட்டிக்கா. அன்னைக்கே ரெண்டு பேரையும் முடிவு பண்ணிடுவாங்க."

"அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் வந்து வாசிக்கட்டும். அடுத்த வருஷம் நான் நடுவரா உக்கார மாட்டேன். சத்தியமா."

"அவளுக்கு இப்பவே இருபது. அடுத்த வருஷம் சேர்த்துக்க மாட்டாங்க. அப்பா லாரி ஓட்டறார். இது இல்லன்னா ஏதோ கம்பெனியில பில் போடற வேலைக்குப் போறதா எழுதியிருக்கார்."

அக்கா தாளை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்தார். துணியின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, டீச்சரைப் பார்க்காமலே சொன்னார்:

"சரி. உன் தொழில் அது. செய். பத்தொம்பது வருஷமா எல்லாரும் சொன்னாங்க, அவ அந்தப் பக்கத்து ஆளுன்னு. நான்தான் கேக்கல."

டீச்சர் ஏதோ சொன்னார். அக்கா துணியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவருக்குப் போய்ச் சேரவில்லை.

வியாழக்கிழமை அறிக்கை முடிந்தது. மூன்று பக்கம். முதல் நான்கு வருஷம் மார்க்குகள் ஒத்துப்போகின்றன. கடைசி இரண்டு வருஷம் மூன்றாம் நடுவரின் மார்க் ஒரு பகுதிப் போட்டியாளர்களிடையே நல்லதையும் மோசமானதையும் பிரித்துக் காட்டவில்லை. ஆகவே இந்த வருஷத் தேர்வை வெளியூர் நடுவர்களை வைத்து மறுபடி நடத்த வேண்டும். கடைசியில், இதை எழுதுகிறவர் அதே நடுவருக்குப் பத்தொன்பது வருஷமாகப் பக்கவாத்தியம் வாசிப்பவர் என்று ஒரு வரி.

செயலாளர் மன்றத்து அலுவலகத்தில் அதை இரண்டு தடவை படித்தார். கசங்கிய கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு பக்கம்தானே டீச்சர் கேட்டேன்."

"அது முறையா இருந்தா."

"சரி, பிரிச்சுக் காட்டலன்னு போட்டிருக்கீங்க. ஏன் காட்டல? காரணம் என்ன?"

"மார்க்ல காரணம் இல்ல சார். மார்க்ல இருக்கிறதைத்தான் நான் எழுத முடியும்."

"அக்காவுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

செயலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "அந்த அம்மா உங்களைப் பக்கத்துல உக்கார வெச்சிருக்கலன்னா இந்த ஊர்ல உங்களை யாருக்குத் தெரியும்? இந்த மூணாவது பக்கத்தை எடுத்துட்டு வாங்க. நான் பேசிக்கறேன்."

"மூணாவது பக்கம் இல்லாம மத்த ரெண்டும் எதுக்கு சார்?"

டீச்சர் எடுக்கவில்லை. லாரி டிரைவர் வெள்ளிக்கிழமை கமிட்டி அறை வாசலிலேயே, அறிக்கையைக் காட்டச் சொல்லி நின்றுகொண்டிருந்ததால் செயலாளராலும் எடுக்க முடியவில்லை. தேர்வு மறுபடி நடந்தது. புல்லாங்குழல் பெண் முதலாவதாக வந்தாள்.

காரணத்தை எழுதாமல் விட்டது அக்காவைக் காப்பாற்றும் என்று டீச்சர் நம்பியிருந்தார். காரணம் இல்லாத இடத்தில் ஆளுக்கொரு காரணத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அக்காவுக்குப் பொம்பளைப் பிள்ளைகள் மேலே வருவது பிடிக்காது என்றார்கள். இரண்டாவதாக வந்த பையன் வீட்டார் அக்காவுக்கு ஏதோ கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள். இரண்டு வாரத்துக்குள் அது அரங்கத்துக் கேன்டீன் வரைக்கும் வந்துவிட்டது. டீச்சர் அக்காவுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. நேரில் போனார். ஜன்னலில் நின்று கையசைத்தார். அக்கா உள்ளேயிருந்து பார்த்தார். கதவு திறக்கவில்லை.

நாற்பதாவது வருஷக் கச்சேரிக்கு வேறு ஒரு வயலின்காரரை ஏற்பாடு செய்திருந்தார்கள். முப்பது வயது, கெட்டிக்காரர். டீச்சர் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு பதினான்காவது வரிசையில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷத்தில் அக்காவை எதிரிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவருக்குத் தெரிந்தது பக்கவாட்டு முகமும் காதோரத்து நரையும்தான். எதிரிலிருந்து அக்கா இன்னும் சின்னவராகத் தெரிந்தார்.

முதல் பாட்டு கீழ் ஸ்தாயியிலேயே நின்றதால் நன்றாகப் போயிற்று. இரண்டாவதில் ஆலாபனை மேலே ஏறியது. அக்கா அந்த வயலின்காரரின் விரலைப் பார்க்கத் திரும்பினார். அவர் கையை அக்கா படித்துப் பழகியதில்லை. குரல் மேலே போய் நின்றது. வயலின்காரர் சுத்தமாக, சரியான இடத்தில் வாசித்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரிசல். முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்கு அது கேட்டிருக்காது. அவர்கள் முகம் திரும்பியது தெரிந்திருக்கும். பாடுவதை நிறுத்தினார்.

அக்கா மைக்கைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"எனக்குக் காது கேக்கல" என்றார், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல. "ரெண்டு வருஷமாச்சு. அந்தப் பிள்ளைங்களுக்கு மார்க் தப்பாப் போட்டேன். கேக்காமப் போட்டேன். அது தப்பு. யார்கிட்டயும் கைநீட்டிப் போடல. அதைச் சொல்லிட்டுப் போகணும்னுதான் இன்னைக்கு வந்தேன். தம்பி நல்லா வாசிக்கறார், என்னாலதான் முடியல. மன்னிச்சுக்கங்க."

அவர் எழுந்தார். முதலில் யாரும் கைதட்டவில்லை. பிறகு எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். அதுவும் அவருக்கு எவ்வளவு கேட்டதோ. இரண்டு வருஷமாகக் கூட இருந்து மறைத்த வயலினைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீச்சர் எழுந்து நிற்கவில்லை. முன்னால் நின்றவர்களின் முதுகு மறைத்ததால் அக்கா இறங்கிப் போனதை அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் டீச்சரை யாரும் வாசிக்கக் கூப்பிடவில்லை. யாரும் திட்டவுமில்லை. எதிரில் பார்த்தால் நன்றாகவே பேசினார்கள். "பக்கத்துல உக்காந்துக்கிட்டே மார்க் போடுவாங்கப்பா" என்று ஒரு வேடிக்கைப் பேச்சு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. புல்லாங்குழல் பெண்ணின் முதல் கச்சேரிக்கு அழைப்பிதழ் வந்தது, ரசிகராக வரச்சொல்லி. துறைத்தலைவர், "இப்பதான் மேடம் முழுசா நம்ம ஆளாயிட்டீங்க" என்று சொல்லி இரண்டு கூடுதல் வகுப்பு கொடுத்தார். அங்கே அக்கா கதை தெரிந்தவர்கள் யாருமில்லை.

வீட்டில் தினமும் சாதகத்துக்கு உட்கார்ந்தார். உட்கார்ந்த முதல் வாரமே ஒன்று தெரிந்தது. மேல் ஸ்தாயியில் விரல் போய் நிற்கிற இடம் சுருதிப் பெட்டியோடு சேரவில்லை. கீழே இறக்கினால் காதுக்குத் தப்பாகப் பட்டது. இரண்டு வருஷத்தில் அவர் காதும் அக்கா பக்கம் போய்விட்டிருந்தது. சின்ன வயதில் செய்ததுபோல ஒவ்வொரு ஸ்வரமாக நிறுத்தி, பெட்டியோடு ஒட்டவைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ஏம்மா, ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கற மாதிரி இருக்கே? எனக்கே தெரியுது" என்றார் பல்லுக்காரர் முன் அறையிலிருந்து.

"அதே சத்தம்தாங்க."

"சரி சரி, வாசி."

நான்காவது மாதம் ஒரு திங்கட்கிழமை, வகுப்பு நடுவில் போனில் செய்தி வந்தது. அக்காவிடமிருந்து. 'நாளை பத்து மணி. காது டெஸ்ட். கூட ஒருத்தர் வரணுமாம். மத்தவங்களைக் கூப்பிட்டா அழுவாங்க. நீ வா.'

டீச்சர் வகுப்பை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. அக்கா முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உடம்பு இளைத்திருந்தது. "வந்துட்டியா?" என்றார். டீச்சர் தலையாட்டினார்.

உள்ளே கண்ணாடி வைத்த ஒரு சின்னக் கூண்டு. அக்காவை அதற்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். டெஸ்ட் எடுக்கிற பெண் வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். டீச்சருக்கு அவள் பின்னால் ஒரு ஸ்டூல். மெஷினில் சத்தம் போகும்போது ஒரு பச்சை விளக்கு. அக்கா அழுத்தினால் ஒரு சிவப்பு விளக்கு.

பச்சை எரிந்தது. சிவப்பு எரிந்தது. பச்சை, சிவப்பு. பச்சை, சிவப்பு. கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு பச்சை மட்டும் எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. கண்ணாடிக்கு உள்ளே அக்கா கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தபடி, முகத்தை லேசாகத் தூக்கி, கண்களை மூடி உட்கார்ந்திருந்தார். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் சுருதிக்குக் காத்திருக்கிறபோது அவர் முகம் அப்படித்தான் இருக்கும். பச்சை எரிந்தது. அவர் காத்திருந்தார். பச்சை எரிந்தது. ஒரு தடவை, எதுவும் போகாதபோது, சிவப்பு எரிந்தது. அந்தப் பெண் குறித்துக்கொண்டாள்.

எண்ண வேண்டாம் என்று டீச்சர் முதலிலேயே தனக்குச் சொல்லிக்கொண்டார். மனம் கேட்கவில்லை.

முடிந்ததும் அக்கா கூண்டிலிருந்து வெளியே வந்தார். ஹெட்போன் அழுத்தியதில் காதோரத்து முடி கலைந்திருந்தது. அந்தப் பெண், "ரிசல்ட்டை டாக்டர் சொல்வாங்க, வெளியே இருங்க" என்றாள். வெளியே பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. இரண்டு பேரும் சுவரோரம் நின்றார்கள்.

"டாக்டர் கிடக்கட்டும்" என்றார் அக்கா. "நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே. எத்தனைக்கு எத்தனை?"

பச்சை ஐம்பத்திரண்டு. சிவப்பு இருபத்தொன்று, அதில் ஒன்று வெறும் சிவப்பு.

"நான் எண்ணலைக்கா" என்றார் டீச்சர்.

"என்ன?"

டீச்சர் அவருக்கு நேராக வந்து நின்றார். வாய் தெளிவாகத் தெரியும்படி முகத்தை நிமிர்த்திக்கொண்டார்.

"நான் எண்ணலை!"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி" என்றார்.